ஹெல்மெட்டை விட்டுப் போன மாப்பிள்ளை

அத்தியாயம் 4

கல்யாண மாப்பிள்ளை ஓடிப் போவது பெங்களூருக்குப் புதிதல்ல. மூன்று தலையணையோடு ஓடிப் போனவன் இவன்தான் முதல்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் இருந்த அந்த வாடகை அறையின் நடுவில் தமயந்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். வயது நாற்பத்திரண்டு. காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில் 'தமயந்தி டிடெக்டிவ்ஸ்' என்று போர்டு மாட்டியிருப்பவள். அதற்கு முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் யார் அழுதாலும் முதலில் கைக்குட்டை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

அவளுடைய உதவியாளர் ஆம்ப்ரோஸ் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஜீவனஹள்ளிக்காரர், வாய்க்கு லைசென்ஸ் இல்லாதவர். வெயிலோ மழையோ, தலையில் ஒரு தொப்பி இருக்கும். தொப்பிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "காலி மனை. பட்டா மட்டும் என் பேர்ல இருக்கு" என்று அரைப் பல் தெரியச் சிரிப்பார். மீதி அரைப் பல், பல்லால் சோடா திறந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டிய நாளில் போனது.

வாசலில் நின்றவள் ஐரின். ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். காணாமல் போன யூஜின் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. சேத்துப்பட்டிலிருந்து வந்து ஐந்து வருடமாக இங்கே ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை; அதாவது, அடுத்தவன் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று ஃபாதர் பூசையில் படிப்பாரே, அந்த ஓலை. மூன்றாவது ஓலை நாளை மறுநாள். மாப்பிள்ளை திங்கட்கிழமையிலிருந்து இல்லை. செல்போன் அணைந்து கிடந்தது. வருகிற போனுக்கும் காசு பிடுங்கிய காலம் அது. அணைத்து வைப்பவனை உடனே சந்தேகப்படவும் முடியாது.

"ஞாயித்துக்கிழமை அவர் கோயிலுக்கு வரலைன்னா ஓலையை நிறுத்தச் சொல்லிடுவேன்னு அப்பா சொல்லிட்டார் மேடம்" என்றாள் ஐரின். அவள் அப்பா கிளெமென்ட் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சிக்னல் விழுந்தால் விழுந்ததுதான் என்ற ரகம். "ஊர்ல அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்குன்னு பேசிக்கிறாங்க. நேத்து மார்க்கெட்ல ரெண்டு பேர் என்னைப் பாத்துட்டு சிரிப்பை அடக்கினாங்க. சிரிச்சிருந்தாக்கூட பரவாயில்ல."

கட்டிட ஓனர் முனிகிருஷ்ணன் கதவருகே கையைப் பிசைந்தார்.

"போலீஸ் கீலீஸ் எல்லாம் பேடா மேடம், வேண்டாம். நம்ம பில்டிங்குக்கு ஒரு மரியாதை இருக்கு. திங்கக்கிழமை காலைல ஆட்டோ வந்துச்சு. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு மூணு தலகாணி ஏத்தினாரு. எங்க சார்னு கேட்டா, ஊருக்குன்னாரு. அதுல ஒண்ணு நம்ம தலகாணி மேடம். அது கிடைச்சா சொல்லுங்க."

"ஆள் கிடைச்சா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"ஆளு கிடைச்சாலும் சொல்லுங்க."

தமயந்தி குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு மெடிக்கல் ஷாப்பே இருந்தது. சோப்பு வைக்கிற இடத்தில் பாட்டில், பக்கெட் வைக்கிற இடத்தில் பாட்டில், ஜன்னல் கட்டையில் பாட்டில். ஆம்ப்ரோஸ் தொப்பியைச் சரி செய்துகொண்டு, பழைய நண்பர்களைப் பார்த்தவர் போல உள்ளே போனார்.

"மேடம், இது லோஷன். மினாக்ஸிடில். மெடிக்கல்ல டாக்டர் சீட்டு கேக்காம குடுப்பான். முதல் மாசம் இருக்கிற முடியும் கொட்டும். கொட்டினா வேலை செய்யுதுன்னு அர்த்தம்பான் கடைக்காரன். கொட்டலைன்னா இன்னும் ரெண்டு பாட்டில் எடுத்துக்கோம்பான். நிறுத்தினா வந்ததும் போயிடும். வாடகை முடி."

"இது?"

"மூலிகை எண்ணெய். உள்ள வேர் மிதக்குது பாருங்க. அந்த ஒரு வேர்தான் இதுல இருக்கு, நம்ம தலையில ஒண்ணும் ஊணாது. இது கரிசலாங்கண்ணி, இது வெங்காயச் சாறு. இதைத் தேய்ச்சா பொண்டாட்டி ஹால்ல படுப்பா. இது புதுசா வந்திருக்கிற மாத்திரை, தினம் ஒண்ணு. இதுக்குச் சீட்டு வேணும், ஆனா தெரிஞ்ச கடைன்னா வேணாம்."

"இந்தச் சீப்புல ஏன் சிவப்பு லைட் எரியுது?"

"வெளிநாட்டுச் சரக்கு. அந்த வெளிச்சம் பட்டா முடி வளருமாம். இதைக் கேள்விப்பட்டதுல இருந்து சிக்னல்ல நிக்கிறப்பல்லாம் நான் தொப்பியைக் கழட்டிடறேன்."

முனிகிருஷ்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் நம்ம போர் தண்ணி மேல பழி மேடம். தமிழ்நாட்டுல இருந்து வர்ற பசங்க எல்லாரும் இதே பேச்சு. பெங்களூர் தண்ணில முடி கொட்டுது, உப்புத் தண்ணில முடி கொட்டுது. ஒருத்தன் ஊர்ல இருந்து கேன்ல தண்ணி எடுத்துட்டு வந்து தலை குளிக்கிறான். நானு பொறந்ததுல இருந்து இதே தண்ணிதான்" என்று சொல்லித் தன் தலைக்குள் கையை விட்டார். விரல்கள் காணாமல் போயின. ஆம்ப்ரோஸ் அவரைப் பார்த்த பார்வையில் கொலை வெறி இருந்தது.

தமயந்தி இதில் எதையும் கவனிக்கவில்லை. "ஒரு பாட்டிலைக்கூட அவன் எடுத்துட்டுப் போகலை" என்றாள். "தினம் காலைல ராத்திரி தலையில தடவறவன். ஊருக்குப் போறவன் பல்பொடியை விட்டுட்டுப் போவானா?"

"புது ஆள் கிடைச்சா பழைய ஆளை விட்டுட்டுப் போவாங்க" என்று சொன்ன ஆம்ப்ரோஸ், ஐரின் நிற்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பேச்சை மாற்ற அவர் சுவரில் ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே போட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ உருண்டு தரையில் விழுந்தது. ஆம்ப்ரோஸ் கட்டில் மேல் ஏறி நின்றார். அவர் வயதுக்கு அது சாதனை.

"பெருச்சாளி மேடம்."

"விக்" என்றாள் தமயந்தி.

நல்ல விக். பக்கவாட்டில் வகிடு எடுத்து, காதோரம் கொஞ்சம் நரை கூட வைத்திருந்தது. முனிகிருஷ்ணன் வாயைப் பிளந்து பார்த்தார். இந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு யூஜின் டீக்கடைக்கு நடந்தே போவதை அவர் தினம் பார்த்திருக்கிறார். பயந்த சுபாவம் என்று நினைத்திருக்கிறார். ஆம்ப்ரோஸ் இன்னும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஐரின் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

தமயந்தி அதைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் கம்பெனி டீ ஷர்ட்கள் இஸ்திரி போட்டு அடுக்கி இருந்தன. கீழே வரிசையாக ஹேங்கர்கள், எல்லாம் காலி.

"இவர் தினமும் என்ன போடுவாரு?" என்று முனிகிருஷ்ணனைக் கேட்டாள்.

"டீ ஷர்ட்தான் மேடம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் ஷர்ட்."

"டீ ஷர்ட் ஒண்ணுகூடப் போகலை. பட்டன் வச்ச சட்டை ஒண்ணுகூட மிச்சம் இல்லை. பைக் கீழ நிக்குது. எப்பவும் கழட்டாத ஹெல்மெட் இங்க இருக்கு. ஆம்ப்ரோஸ், இறங்கி வாங்க. என்ன தெரியுது?"

ஆம்ப்ரோஸ் இறங்கினார். "கழுத்து எலும்பு நகர்ந்திருக்கும் மேடம். என் மச்சானுக்கு அப்படித்தான். டீ ஷர்ட் மாட்ட முடியாது, ஹெல்மெட் போட முடியாது."

"பாதி சரி. தலை வழியா எதையும் நுழைக்க முடியாத ஆள். நிமிர்ந்து சாய்ஞ்சே தூங்கணும், அதுக்கு மூணு தலகாணி. ஆனா கழுத்துன்னா லோஷனை ஏன் விட்டுட்டுப் போகணும்? விக்கை ஏன் விட்டுட்டுப் போகணும்?"

ஆம்ப்ரோஸ் தரையில் கிடந்த விக்கை எடுத்துத் தூசி தட்டினார்.

"முடி நடப் போயிருக்கான்" என்றாள் தமயந்தி. "பின்னந்தலையில இருந்து எடுத்து முன்னந்தலையில நடறது. இப்ப புதுசா ஒவ்வொரு முடியா நடறாங்களாம். நட்ட இடத்துல துணி உரசக் கூடாது. இனிமே விக்கும் வேண்டாம், லோஷனும் வேண்டாம்னு நினைச்சிருக்கான். எங்கே போயிருக்கான்ங்கிறதுதான் கேள்வி."

பதில் குளியலறைக் கண்ணாடியில் இருந்தது. ஒரு மூலையில் வேளாங்கண்ணி மாதா படம். மறு மூலையில் ஏதோ விளம்பரத் தாளிலிருந்து கத்தரித்த ஓர் இளைஞனின் முகம். கூரை போலக் கவிந்த முடி, பளிச்சென்று முப்பத்திரண்டு பல் சிரிப்பு. பெயர் இல்லை, ஊர் இல்லை. தினமும் லோஷன் தடவும்போது யூஜின் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தடவியிருக்கிறான்.

"நடிகரா?" என்று கேட்டாள் ஐரின். "அழகா இருக்கார்."

ஆம்ப்ரோஸ் எட்டிப் பார்த்தார். காது சிவந்தது. "ஆளு பரவாயில்ல" என்று முணுமுணுத்து அந்தப் படத்தைப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "அத்திபெலே போய்ப் பாக்கலாம் மேடம்" என்றார்.

"அத்திபெலே எதுக்கு?"

"ஒரு யூகம்."

இத்தனை வருடத்தில் ஆம்ப்ரோஸ் யூகித்தது எதுவும் சரியாக இருந்ததில்லை. தமயந்தி அவரை ஒரு கணம் பார்த்தாள். "வண்டியை எடுங்க" என்றாள்.

தமயந்தியின் மாருதி ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தது. ஓட்டிக்கொண்டிருந்த ஆம்ப்ரோஸ் சந்தாபுரா தாண்டியும் ஒரு ஜோக் அடிக்கவில்லை. தமயந்தி பின் சீட்டுக்குத் திரும்பினாள்.

"கடைசியா அவரோட எப்பப் பேசினீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ரெண்டாவது ஓலை வாசிச்ச அன்னிக்கு. நலங்கைப் பத்திச் சொன்னேன்" என்றாள் ஐரின். "கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு வைப்போம்ல மேடம். எங்க வீட்டுல அத்தை, சித்தி, பெரியம்மான்னு ஒரு படையே இருக்கு. ஒவ்வொருத்தரா வந்து மாப்பிள்ளை தலையில எண்ணெய் வச்சு நல்லா அரக்கித் தேய்ப்பாங்க. எங்க ஐரிஸ் அத்தை தேய்ச்சா கழுத்தே ஆடும். இதைச் சொன்னேன். அவர் எத்தனை அத்தைன்னு மட்டும் கேட்டார். அப்புறம் சரி வைக்கிறேன்னு வச்சுட்டார்."

"சொன்னது அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று ஐரின் ஜன்னல் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவையும் வெளியே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு சிமென்ட் லாரியைத் தவிர.

அத்திபெலேயில் ஆம்ப்ரோஸ் யாரிடமும் வழி கேட்கவில்லை. தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட்டுக்கு முன்பே இடது பக்கம் ஒடித்து, ஒரு ஹார்டுவேர் கடையைத் தாண்டி, சந்துக்குள் நுழைந்து, சாக்கடை மூடி உடைந்திருந்த இடத்தை மட்டும் பார்க்காமலேயே விலக்கி, வண்டியை நிறுத்தினார். எதிரே மாடியில் ஒரு போர்டு: 'கிரௌன் 2000 ஹேர் சென்டர்.'

"யூகம் ரொம்பத் துல்லியமா இருக்கு" என்றாள் தமயந்தி.

ஆம்ப்ரோஸ் வண்டிச் சாவியைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாடியில் வரவேற்பறை. நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் ஓர் ஆள். பெயர் நாணு. முன்பு ஓசூரில் ஒரு தோல் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். கோட்டை மட்டும் அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய படம். இடது பக்கம் 'முன்': வழுக்கையோடு சோகமாகச் சிரிக்கும் ஒரு நடுத்தர வயது மனிதர். வலது பக்கம் 'பின்': குளியலறைக் கண்ணாடியில் இருந்த அதே இளைஞன், கூரை முடியோடு. கீழே, 'ஆறே மாதத்தில்! ஒரே ஆள்!'

தமயந்தி படத்தைப் பார்த்தாள். பிறகு கதவருகே பின்வாங்கிக்கொண்டிருந்த தன் உதவியாளரைப் பார்த்தாள்.

"ஆம்ப்ரோஸ், தொப்பியைக் கழட்டுங்க."

கழற்றினார்.

"சிரிங்க."

சிரிக்க முயன்றார். அரைப் பல் தெரிந்தது. இடது பக்கத்து மனிதருக்கும் அதே பல், அதே அரை. வலது பக்கத்து இளைஞனுக்கு முழுப் பல்.

"நல்ல மருந்துதான்" என்றாள் தமயந்தி. "முடி மட்டுமில்ல, உடைஞ்ச பல்லையும் முளைக்க வச்சிருக்கு."

ஐரின் இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், அது நீங்களா?" என்றாள். அவள் குரலில் இருந்த ஆச்சரியம் ஆம்ப்ரோஸை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும்.

"மூணு வருஷம் முன்னாடி வந்தேன் மேடம்" என்றார். "என் சம்சாரம் ப்ரிஜெட்கிட்ட நவநாள் பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு. இந்த ஆள் என்னைப் போட்டோ எடுத்தான். பழைய போட்டோ ஒண்ணு குடுங்க, முன்ன முடி எந்த லைன்ல இருந்துச்சுன்னு பாக்கணும்னான். எங்க கல்யாண போட்டோவைக் குடுத்தேன். அதை 'பின்'னு எழுதி மாட்டிட்டான். ப்ரிஜெட்டைக் கத்தரிச்சுப் போட்டுட்டு என்னை மட்டும் பெருசு பண்ணியிருக்கான். பாருங்க, ஓரத்துல அவ மாலை தெரியுது."

"இது இங்க தொங்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு தடவை விளம்பரத் தாள்ல பாத்துட்டேன். சண்டை போடத்தான் படியேறி வந்தேன். வந்து பாத்தா..." அவர் தொப்பியைக் கையில் திருகினார். "என் போட்டோவை யாரும் இவ்வளவு பெருசா மாட்டினதில்ல மேடம். சண்டை போடாமலே போயிட்டேன். அந்தப் பையன் என் மூஞ்சியை மாதா பக்கத்துல ஒட்டி வச்சு நம்பியிருக்கான். எனக்கு வெக்கமா இருக்கு."

தமயந்திக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. இரண்டையும் நாணுவின் பக்கம் திருப்பினாள்.

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டு போட்டோவும் இவருதானே மேடம்?" என்றார் நாணு, கொஞ்சமும் அசராமல். "பொய் எங்க இருக்கு? வலது பக்கம் இருக்க வேண்டியதை இடது பக்கம் மாட்டிட்டேன். பாக்கிறவங்கதான் இடதுல இருந்து படிக்கிறாங்க."

தப்புக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கும் ஒருவன் இந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து முடியை மட்டும் பார்த்திருக்கிறான், பல்லைப் பார்க்கவில்லை. தலையில் குறை இருப்பவனுக்குக் கண் அதற்குக் கீழே இறங்குவதில்லை.

"யூஜின் எங்கே?"

நாணு உள் அறையைக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை நட்டோம். நல்லா வந்திருக்கு. முகம் கொஞ்சம் வீங்கும், நாலஞ்சு நாள்ல வடிஞ்சிடும். நட்ட முடி ரெண்டு மூணு வாரத்துல கொட்டும், பயப்படக் கூடாது. வேர் உள்ளயே இருக்கும். மூணு நாலு மாசத்துல மறுபடி முளைக்கும். எந்தப் பெரிய ஆஸ்பத்திரில நட்டாலும் இப்படித்தான்."

"கல்யாணம் இன்னும் மூணு வாரத்துல" என்றாள் ஐரின். கணக்கு டீச்சர், கூட்டிக் கழிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. "அப்ப கல்யாணத்தன்னிக்குச் சரியா எல்லாம் கொட்டியிருக்கும்."

"அவரு அதை முன்னாடியே கேக்கலை" என்றார் நாணு. "நேத்து சொன்னேன். அப்பத்துல இருந்து சாப்பிடலை."

"இன்னிக்கு அவரை நாங்க கூட்டிட்டுப் போய் நிஜ டாக்டர்கிட்டக் காட்டப் போறோம்" என்றாள் தமயந்தி. "அந்த டாக்டர் என்ன சொல்றாரோ அதை வச்சு நீங்க எந்த ஸ்டேஷன்னு முடிவு பண்றேன். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா. ஆம்ப்ரோஸ், அதுக்குள்ள உங்களைச் சுவர்ல இருந்து இறக்குங்க."

ஆம்ப்ரோஸ் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். நாணு தடுக்க எழுந்தவர், ஆம்ப்ரோஸ் ஆணி பிடுங்கிய வேகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

உள் அறையில் யூஜின் மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்தான். முன்னந்தலை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். பின்னந்தலையில் கட்டு. வீக்கம் நெற்றியிலிருந்து இறங்கி முகம் பூரி போல உப்பி, இரண்டு கண்ணும் மூடியிருந்தன. சட்டையின் பட்டன்கள் ஒன்று மாற்றிப் போட்டிருந்தன.

"யூஜின், என் பேர் தமயந்தி. டிடெக்டிவ். ஐரின் அனுப்பினாங்க."

அவன் பதறி எழ முயன்றான். "அவங்க வந்திருக்காங்களா?"

தமயந்திக்குப் பின்னால் நின்ற ஐரின் அவள் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். காலமெல்லாம் பொய்யைப் பிடித்த தமயந்தி கொஞ்சமும் கூசாமல், "கார்ல இருக்காங்க" என்றாள்.

"மேல வரச் சொல்லாதீங்க மேடம். ப்ளீஸ்." அவன் மறுபடி சாய்ந்தான். "என்னை இப்படிப் பாக்கக் கூடாது. அவங்க என்னை விக்கோடதான் பாத்திருக்காங்க. இருபத்தி நாலு வயசுல கொட்ட ஆரம்பிச்சுது. மூணு வீட்டுல பொண்ணு பாத்தோம். மூணு வீட்டுலயும் என் தலையைப் பாத்துட்டுக் காப்பி குடுத்து அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் விக். ஐரின்தான் முதல் தடவையா என்கூட உக்காந்து பேசினாங்க. சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்காகத்தான் சொல்லாமலே இருந்துட்டேன்."

"நலங்கு?"

"அதான் மேடம். எல்லாரும் தலையில எண்ணெய் தேய்ப்பாங்களாம். ஒரு அத்தை கையோட விக் வந்துட்டா? அவ்வளவு பேர் முன்னாடி அவங்க முகம் எப்படி ஆகும்? ராத்திரி முழுக்க அதையேதான் நினைச்சேன். இங்க போர்டுல ஒருத்தர் படம் பாத்திருந்தேன். ஓடி வந்துட்டேன். இப்ப என்னடான்னா, கல்யாணத்தன்னிக்கு நட்டதெல்லாம் கொட்டிடுமாம். இருந்ததைவிடக் கேவலமா இருப்பேன்." அவன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். "நீங்க என்னைப் பாக்கலைன்னு சொல்லிடுங்க. இல்ல, வேற பொண்ணோட ஓடிட்டான்னு சொல்லிடுங்க. அது கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

"எந்தப் பொண்ணு?" என்றாள் ஐரின். "பேரைச் சொல்லுங்க. அப்பா கேட்டா நான் சொல்லணும்ல?"

யூஜின் குரல் வந்த பக்கம் திரும்பினான். கண் திறக்க முயன்றான், முடியவில்லை. கை மட்டும் தலையை மறைக்கப் போய், தொடக் கூடாது என்பது ஞாபகம் வந்து, நடுவழியில் நின்றது.

"கையை இறக்குங்க. எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள் ஐரின். "பேக்கரில நாம பாத்தப்ப ஹெல்மெட்டைக் கழட்டினீங்க. முடி ஒரு பக்கமாத் திரும்பி நின்னுச்சு. நீங்க கண்ணாடியில பாத்துச் சரி பண்ற வரைக்கும் நான் தட்டுல இருந்த பப்ஸைப் பாத்துட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுமா...? ஏன் கேக்கலை?"

"உங்க தலை. நீங்கதானே சொல்லணும்? இவங்ககிட்டகூட நான் விக்கைப் பத்திச் சொல்லலை. நீங்க மறைச்சதை நான் எப்படி வெளிய சொல்றது? நலங்கைப் பத்தி வேணும்னேதான் சொன்னேன். அப்பவாவது மனசு விட்டுப் பேசுவீங்கன்னு. நீங்க தலகாணியைத் தூக்கிட்டு ஓடிட்டீங்க."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தமயந்தி அவள் கைக்குட்டையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இல்லாமல் கன்னமே நனைந்திருந்தது.

"உங்களுக்கு ஊர்ல குடும்பம் இருக்குன்னு சொன்னாங்க யூஜின். நேத்து ராத்திரி ஒரு நிமிஷம் நான் அதை நம்பிட்டேன். முடி இல்லாததுக்கு எனக்குக் கோபம் இல்ல. அப்படி நம்ப வச்சீங்க பாருங்க, அதை நான் லேசுல மன்னிக்க மாட்டேன்."

யூஜின் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அவள் விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணி பூசை. விக் வேண்டாம், தொப்பி வேண்டாம், துண்டு வேண்டாம். முதல் பெஞ்சுல எங்க அப்பா பக்கத்துல உக்காந்து மூணாவது ஓலையைக் கேளுங்க."

"இந்த மூஞ்சியோடயா? கோயிலே சிரிக்கும் ஐரின்."

"சிரிக்கட்டும். இந்த வாரம் முழுக்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. இனி உங்க முறை."

யூஜின் போர்வையை விலக்கி, காலைத் தரையில் விட்டு, செருப்பு எங்கே இருக்கிறது என்று தடவினான். ஐரின் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. அவனாகவே கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்துவிட்டு, தன் தோளை அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.